பூட்டுக்கு மேல் பூட்டு

மூடாதீங்க தம்பி, மூடாதீங்க. நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. அடுத்தவங்க விஷயத்துல எட்டிப் பாக்குற பழக்கமே எனக்குக் கிடையாது. ஏதோ பாஸ்வேர்டு அடிச்சீங்க, இடது கையால வேற மறைச்சுக்கிட்டீங்க, அதைப் பாத்துச் சிரிப்பு வந்துச்சு, அவ்வளவுதான். எட்டு எழுத்து, இல்ல? கடைசியில ஏதோ நம்பரு. சரி சரி, விடுங்க. நான் யார்கிட்டப் போய்ச் சொல்லப் போறேன்.

திண்டுக்கல்லுக்குத்தான? நானும் அங்கதான். பெரியகுளத்துல ஏறினேன். மகளுக்கு வியாழக்கிழமை கல்யாணம். பத்திரிகை ஒண்ணு குடுக்க வேண்டியது இருந்துச்சு, குடுத்துட்டு வரேன். யாருக்குன்னு கேளுங்க. என் வீட்டுக்காரிக்கு! ஏன் அப்படிப் பாக்குறீங்க? பொண்டாட்டிக்கே பத்திரிகை குடுக்குற ஆளைப் பாத்ததில்லையா? அவ பதினெட்டு வருஷமா தனியா இருக்கா. நான் இருக்க வச்சேன். காரணம் என்னன்னா, இந்தா உங்க மடியில இருக்கே, இதே மாதிரி ஒரு பொட்டிதான்.

நம்ப மாட்டீங்க. எங்க வீட்டுல அப்பவே கம்ப்யூட்டர் இருந்துச்சு தம்பி. நீங்க ட்ரவுசர் கூடப் போட்டிருக்க மாட்டீங்க அன்னிக்கு. மடக்குறதெல்லாம் கிடையாது. தடிச்ச ஸ்லேட்டு மாதிரி இருக்கும். மேல சின்னதா ஒரு கண்ணாடி, அதுல எட்டு வரி தெரியும். கீழ டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக் கட்டை. சின்ன பேட்டரி நாலு போட்டா ஓடும். இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான், தமிழை அந்த எழுத்துல அடிச்சுக்கணும். எங்க தெருவுல டிவி இருந்ததே மூணு வீட்டுலதான், எங்க வீட்டுல கம்ப்யூட்டர். சொல்லுங்க, நான் எப்பேர்ப்பட்ட புருஷன்னு.

ஆமா, நான்தான் அனுப்பினேன் வேலைக்கு. நான் அப்ப ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர்கீப்பர். மரகதம், அதான் அவ, பி.ஏ. படிச்சவ, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். மதுரையில ஒரு டாக்டரம்மா வெளிநாட்டு உதவியில ஒரு சர்வே நடத்துனாங்க. ஊர் ஊராப் போய்ப் பொம்பளைங்ககிட்டப் பேசணும். எத்தனை பிள்ளை, எத்தனை தங்குச்சு, எத்தனை போச்சு, புருஷன் அடிப்பானா, வீட்டுல சோறு போடுவாங்களா. வேற வேலை இல்லாத கேள்வி. ஆனா சம்பளம் என் சம்பளத்தை விடக் கூட. நான் தடுக்கலையே. அக்கா பேச்சியம்மா தலையால அடிச்சுக்கிட்டா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதடான்னு. நான் கேக்கல. பொண்டாட்டியை நம்புறவன் நான்.

அந்தப் பொம்பளைங்க சொல்றதை இவ பொட்டியில அடிச்சுட்டு வருவா. வீட்டு ரகசியம் பூரா அதுல இருக்கும். அது வெளிய போனா அவளுக அன்னிக்கே வீட்டுல உதை வாங்குவாளுகளாம். அதனால டாக்டரம்மா ஆபீஸ்ல ஐசக்குனு ஒருத்தன், அவன் ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்திருந்தான். எழுதுனதைப் பூட்டுற புரோகிராம். ஒரு வார்த்தை குடுத்தா அதை வச்சு எழுத்தையெல்லாம் மாத்தி, யாருக்கும் புரியாத குப்பையா ஆக்கிரும். அதே வார்த்தையைத் திரும்பக் குடுத்தாத் திறக்கும். அந்த வார்த்தைதான் சாவி. அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, வீட்டுல கூடச் சொல்லக் கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு.

வீட்டுல கூட! அது என்ன வார்த்தை, பாருங்க.

முத நாள் வந்து எனக்குக் காட்டினா தம்பி. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. 'யமுனாவுக்குக் காய்ச்சல்'னு அடிச்சா. யமுனா எங்க மக, அப்ப அஞ்சு வயசு. அடிச்சுட்டு என்னைப் பாத்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்களேன்" அப்படின்னா. சொல்லும்போதே ஒரு சிரிப்பு. முகமெல்லாம் சிவந்து போச்சு. கல்யாணமான புதுசுல கூட அவ அப்படி வெக்கப்பட்டு நான் பாத்ததில்ல. திரும்பிக்கிட்டேன். திரும்பிப் பாத்தா, காய்ச்சலையும் காணோம், யமுனாவையும் காணோம், கண்ணாடி பூரா கன்னாபின்னான்னு எழுத்து. மறுபடியும் திரும்பச் சொன்னா, மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் காய்ச்சல் வந்துருச்சு.

"என்ன வார்த்தை வச்சிருக்க?"ன்னேன்.

"சொல்லக் கூடாது"ன்னா.

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டச் சொல்லவே கூடாது"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்கு ஓடிட்டா.

நீங்களே சொல்லுங்க தம்பி. மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பாங்க. கனம் இல்லாதவ எதுக்குப் பூட்டணும்? பூட்டுறா, சரி, வேலை. எதுக்குச் சிரிக்கணும்? நான் சந்தேகப்படுற ஆளே இல்ல. யோசிக்கிற ஆளு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

யோசிச்சேன். ஒரு பொம்பளை வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டே ஒரு வார்த்தையை மறைக்கிறான்னா, அது என்ன வார்த்தையா இருக்கும்? கத்திரிக்காயா? ஆம்பளைப் பேருதான். அதுல எனக்கு அன்னிக்கும் சந்தேகம் இல்ல, இன்னிக்கும் சந்தேகம் இல்ல. எந்த ஆம்பளைங்கிறதுதான் பாக்கி.

அவ குளிக்கப் போற நேரம், யமுனாவைப் பள்ளிக்கூடத்துல விடப் போற நேரம், பொட்டியை எடுப்பேன். அவ செய்றதைப் பாத்து எப்படின்னு பழகியிருந்தேன். ஒண்ணை அமுக்குனாப் பூட்டு, ரெண்டை அமுக்குனாத் திற. ரெண்டை அமுக்கி ஒரு பேரைப் போடுவேன். அவ பூட்டி வச்சதை மறுபடி திறக்குறது மாசக் கடைசியில ஆபீஸ்லதான். முதல்ல கதிரேசன். அவ மாமன் மகன், முறைப்பையன், கல்யாணத்துக்கு முந்தி அவனுக்குத்தான் பேசியிருந்தாங்க. போட்டேன். கண்ணாடியில இருந்த குப்பை மாறி வேற குப்பை வந்துச்சு. திறக்கல. ஆனா மாறுச்சு தம்பி, அதைக் கவனிங்க. மாறவும் எனக்கு ஒரு நம்பிக்கை. ஏதோ பக்கத்துல வந்துட்டோம்னு நினைச்சேன்.

மறுநாள் ஜீப் டிரைவர் மைதீன். அவ ஊர் ஊராப் போறது அவன் ஜீப்புலதான். பெறகு எங்க மில் மேனேஜர், ஆயுதபூஜைக்கு வந்தப்ப இவளைப் பாத்து 'என்னம்மா, கம்ப்யூட்டரெல்லாம் படிக்கிறீங்களாமே'ன்னு கேட்டவரு. எதுக்குக் கேக்கணும்? போட்டேன். மலைக்கோட்டை அடிவாரத்துல ஒரு முருகன் கோயில், அங்க குருக்கள் இவளுக்கு மட்டும் ரெண்டு கை விபூதி குடுப்பாரு. சாமி குத்தம்னு கொஞ்சம் தயங்கினேன், ஆனாப் போட்டேன். என் சொந்தத் தம்பி சௌந்தரம். அவன் எங்க வீட்டுக்கு வந்தா ரசத்தைக் கையில வாங்கிக் குடிச்சுட்டு, அண்ணி மாதிரி யாராலயும் வைக்க முடியாதும்பான். அண்ணின்னா அம்மா மாதிரிங்கிறதெல்லாம் சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கும். அவன் பேரையும் போட்டேன். ரேஷன் கடைக்காரன், பால்காரன். கடைசியில அவ அண்ணன் ஒருத்தன், செத்துப் போனவன், அவன் பேரைச் சொன்னா இன்னும் அழுவா. அதையும் விடல.

ஒவ்வொரு பேருக்கும் குப்பை மாறும். திறக்காது. தப்புன்னும் சொல்லாது அந்தச் சனியன். ஒரு பொட்டிக்கு அதுகூடத் தெரிய வேண்டாமா, தப்புன்னாத் தப்புன்னு சொல்ல?

திறக்கலையே தவிர, எனக்கு ஒண்ணு புரிஞ்சுச்சு. இத்தனை பேருல ஒருத்தனும் இல்லன்னா, நான் நினைக்கவே முடியாத எவனோ ஒருத்தன். அன்னியிலிருந்து அவகூடப் பேச்சை நிறுத்தினேன். அடிக்கல தம்பி. அடிக்கிற ஜாதி இல்ல நான். ரெண்டு தடவை தவிர கை நீட்டுனதே இல்ல. பேசல, அவ்வளவுதான். அவ பரிமாறுனா எந்திரிச்சுப் போயிருவேன். அவ மடிச்சு வச்ச வேட்டியை உதறி மறுபடி நானே மடிப்பேன். என்னங்க, என்னங்கன்னு பின்னாலயே வருவா. என்ன செஞ்சேன்னு சொல்லிட்டாவது கோவப்படுங்கன்னு அழுவா. என்ன செஞ்சான்னு அவளுக்குத் தெரியாதாம்! ஊமை ஊரைக் கெடுக்கும், பெருச்சாளி பேரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

பெறகு யமுனாவைக் கூட்டிட்டுப் போய் அக்கா வீட்டுல விட்டேன். அதுதான் சரியான மருந்து. பிள்ளை இல்லாத வீட்டுல ரெண்டு நாள் இருந்தாப் போதும், எந்தப் பொம்பளையும் வழிக்கு வருவா. யமுனாவோட சட்டையை மோந்து பாத்துக்கிட்டு இவ மூலையில உக்காந்திருந்தா. நான் சொன்னேன், "சாவியைச் சொல்லு. பிள்ளை வீட்டுக்கு வரும்."

அவ என்ன சொன்னா தெரியுமா? "அதை நான் வாயால சொல்ல மாட்டேங்க"ன்னா.

"ஏன்?"

"அது வாயால சொல்லக் கூடாத பேருங்க."

கேட்டீங்களா! பேருன்னு ஒத்துக்கிட்டாளா இல்லையா? அதுவும் வாயால சொல்லக் கூடாத பேரு! அப்ப ஒரு தடவை, நான் சொன்னேனே ரெண்டு தடவைன்னு, அதுல ஒண்ணு அது. வாயில ரத்தம் வந்ததுக்கு நான் பொறுப்பில்ல, நிலைப்படி பக்கத்துல நின்னது அவ தப்பு.

ரத்தத்தைத் துடைச்சுட்டு, "பொட்டியைக் குடுங்க. வாயால சொல்லத்தான் மாட்டேன், கையால அடிச்சுக் காட்டுறேன். பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க" அப்படின்னா. நான் விவரமானவன் தம்பி. தனியா வேண்டாம், சாட்சி வேணும்னுட்டேன். அக்கா வீட்டுக்கே கூட்டிட்டுப் போனேன். அக்காவும் அக்கா புருஷனும் எதிர்க்க உக்காந்தாங்க. யமுனா அம்மா அம்மான்னு ஓடி வந்துச்சு, அக்கா புடிச்சு மடியில வச்சுக்கிட்டா.

மரகதம் பொட்டியை மடியில வச்சு ரெண்டை அமுக்கினா. என்னைப் பாத்தா. அந்த நேரத்துலயும் அவளுக்கு முகம் சிவக்குது தம்பி, உதடு வீங்கிக் கிடக்கு, சிரிப்பு வருது. ஒவ்வொரு எழுத்தா அடிச்சா. நான் தோளுக்கு மேல நின்னு படிக்கிறேன். என்ன அடிச்சா தெரியுமா?

என் பேரு. தனுஷ்கோடி.

கடைசி எழுத்தை அடிச்சுட்டு, "இதான். இதைத்தான் எப்படிச் சொல்லுவேன்?"ன்னா. அக்காவுக்கு ஒண்ணும் புரியல, என்னடா பேருன்னு கேட்டா. நான் சொன்னேன். அக்கா புருஷன் என் கையைப் புடிச்சுக்கிட்டாரு.

எனக்கும் ஒரு நிமிஷம் மனசு இளகிப் போச்சு தம்பி, மறைக்க மாட்டேன். ஏன்னா அந்தக் காலத்துப் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க, சொன்னா ஆயுசு குறையும்னு. இவளும் சொன்னதே இல்ல. ரேஷன் கடையில வீட்டுக்காரர் பேரு என்னம்மான்னு கேட்டா யமுனாவைப் பாப்பா, அந்தக் குட்டி 'தனுஷ்கோடி'ன்னு கத்தும், கடையே சிரிக்கும். அப்படிப்பட்டவ. பேரை அடிச்சுட்டுக் கட்டையைத் தட்டினா.

திறக்கல தம்பி! வேற குப்பை. எட்டு வரியும் கன்னாபின்னா.

அவ மூஞ்சியைப் பாக்கணுமே. பொய் புடிபட்டா எப்படி முழிப்பாங்களோ அப்படி முழிச்சா. மறுபடி அடிச்சா. மறுபடி குப்பை. "இது எப்படிங்க... நான் இதைத்தான் வச்சேன், சத்தியமா இதைத்தான் வச்சேன்"னு சொல்லிச் சொல்லி அடிக்கிறா. திடீர்னு என்னை நிமிர்ந்து பாத்து, "யாராச்சும் இதைத் தொட்டாங்களா?" அப்படின்னா.

"யாரு தொடுவா?"ன்னேன்.

"நீங்க..."

"உன் பொட்டியை நான் எதுக்குத் தொடுறேன்? எனக்கு என்ன தெரியும் அதுல?"

அக்கா எந்திரிச்சு, யமுனாவை உள்ள தூக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டா. புருஷன் பேரையே கேடயமா வச்சு ஒரு பொம்பளை பொய் சொல்லுவான்னா, அவகிட்ட ஒரு பெண் பிள்ளையை எப்படி விடுறது? நீங்களே சொல்லுங்க. அன்னிக்கு சாயங்காலமே அவளை அவங்கப்பா வீட்டுக்குப் பெரியகுளம் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டேன். பஸ்ஸுக்குள்ள இருந்து அவ அழுதது யமுனாவுக்கு மட்டும் இல்ல, கேளுங்க வேடிக்கையை, அந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கும் சேர்த்து. "என்னை நம்பிச் சொன்னாளுக, எல்லாம் போச்சே, எல்லாம் போச்சே"ன்னு. தன் குடும்பம் நடுத்தெருவுல நிக்குது, ஊரான் வீட்டுக் கதைக்கு அழுகை.

இங்க இன்னொரு கூத்து இருக்கு. ஒரு வாரம் கழிச்சு அந்த ஐசக்கு மில்லுக்கே வந்துட்டான். கண்ணாடி போட்ட ஒல்லி ஆளு. கேன்டீன்ல உக்காந்து டீ சொன்னான். ரொம்பப் பணிவா, "சார், மரகதம் மேடத்தை டாக்டரம்மா வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. வேணும்னே டேட்டாவை அழிச்சுட்டாங்கன்னு எழுதப் போறாங்க. அப்புறம் எங்கயும் வேலை கிடைக்காது. அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்"ன்னான்.

கேளுன்னேன்.

"அந்தப் புரோகிராமுக்குச் சரி தப்பு தெரியாது சார். எந்த வார்த்தை குடுத்தாலும் எழுத்தை மாத்தி, பழசு மேலேயே எழுதிரும். இடம் கம்மி மெஷின், அதனால அப்படி. தப்பான பேரு போட்டா, பூட்டு திறக்காதுங்கிறது மட்டும் இல்ல, அது மேல இன்னொரு பூட்டு விழுந்துரும். பத்துப் பேரு போட்டா பத்துப் பூட்டு. அப்புறம் சரியான சாவியைப் போட்டாலும் அடிப்பூட்டுதான் போகும், மேல இருக்கிறது அப்படியே கிடக்கும். குப்பைதான் தெரியும். மேடம் சாவி சரிதான்னு நான் நினைக்கிறேன். வேற யாரோ போட்டிருக்காங்க."

நான் டீயைக் குடிச்சேன்.

"யாருன்னு நான் கேக்கல சார். என்னென்ன பேரு போட்டாங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். எந்த வரிசையில சொன்னாலும் பரவாயில்ல, ஒவ்வொண்ணா எடுத்துரலாம். பத்து நிமிஷ வேலை. அவங்க வேலையும் பொழைச்சுக்கும், பேரும் பொழைச்சுக்கும்"னான். பெறகு தானாவே ஒண்ணு சொன்னான், "நான்தான் சார் அவங்ககிட்ட, எந்தக் காலத்துலயும் உங்க வாயில வராத ஒரு வார்த்தையா வைங்க, பேச்சுவாக்குல கூட வெளிய வந்துரக் கூடாதுன்னு சொன்னேன். உடனே சிரிச்சுட்டாங்க. அப்படி ஒண்ணுதான் எனக்கு இருக்குன்னாங்க."

இதெல்லாம் எவ்வளவு ஜோடிச்சு வச்சிருக்காங்க பாருங்க. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்குறவனுக்கு மதி வேண்டாமா? பூட்டு மேல பூட்டாம். ஒரு வேளை, ஒரு பேச்சுக்கு, அவன் சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பேரெல்லாம் எனக்கு மனப்பாடமா இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. ஆனா வெளிய சொன்னா என் கதி என்ன? எனக்கு மேல இருக்குற மேனேஜர் பேரை நான் போட்டேன்னு மில்லுல தெரிஞ்சா? குருக்கள் பேரு தெரிஞ்சா? கூடப்பொறந்த தம்பி பேரு? செத்தவன் பேரு? ஊரு காறித் துப்பாது? நான் மானஸ்தன் தம்பி. அத்தனை குடும்பத்து மானத்தையும் நான்தான் காப்பாத்தியிருக்கேன், ஒருத்தருக்கும் அது தெரியாது. "நான் அந்தப் பொட்டியைத் தொட்டதே இல்ல"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். டீக்கு அவன்தான் கூப்பிட்டான், அவனே காசு குடுக்கட்டும்னு வந்துட்டேன்.

வர வழியில எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. இவனுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை? மதுரையிலிருந்து பஸ் ஏறி வரணும்னா சும்மாவா வருவான்? ஆனா அதுக்குள்ள பொட்டியை அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க, போட்டுப் பாக்க வழியில்லாமப் போச்சு.

அவளை வேலையை விட்டு எடுத்தாங்க. ஊர்ல பால்வாடியில சேர்ந்து, அடுத்தவங்க பிள்ளைகளுக்கு மூக்குத் துடைச்சுவிட்டுக்கிட்டு இருக்கா இன்னும். பள்ளிக்கூட வாசல்ல வந்து ரெண்டு தடவை யமுனாவைப் பாக்கப் பாத்தா. ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லி நிறுத்தினேன். யமுனாவுக்கு வெவரம் தெரிஞ்சதும் சத்தியம் வாங்கிட்டேன், அம்மாவைப் பாக்கப் போனா அப்பன் பொணத்தைத்தான் பாப்பேன்னு. நல்ல பிள்ளை, மீறல. இப்பக் கல்யாணம் முடிவானதும் ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அப்பா, நகை வேண்டாம், சீர் வேண்டாம். அம்மாவுக்கு ஒரு பத்திரிகை குடுங்க."

அதான் போனேன். மனசு பெருசு தம்பி எனக்கு.

வாடகைக்கு ஒத்தை ரூம்புல இருக்கா. தலை பூரா நரைச்சுப் போச்சு. என்னைப் பாத்ததும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு எந்திரிச்சு நின்னா, இன்னும் அந்த மரியாதை இருக்கு. வீட்டுக்கார அம்மாவும் வந்து நின்னாங்க. பத்திரிகையைக் கையில வச்சுக்கிட்டுக் குடுக்காம நின்னேன். யமுனாவுக்கான்னு கேட்டா. ஆமான்னேன். "முடி நீளமா இருக்குங்களா அவளுக்கு?"ன்னா. முதல் கேள்வியே இப்படி. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்குன்னு எனக்கு ஒரு வார்த்தை இல்ல.

சொன்னேன். "பத்திரிகை தரேன். கல்யாணத்துக்கு வரலாம். முன்வரிசையிலயே உக்காரலாம். ஆனா ஒண்ணு. அன்னிக்கு எங்கக்கா வீட்டுல நீ அடிச்சுக் காட்டுன சாவி பொய்யின்னு, இந்தா இந்த அம்மா சாட்சியா, உன் வாயால ஒத்துக்கணும்."

அவ பத்திரிகையையே பாத்தா. மேல மஞ்சள் தடவுன இடத்துல யமுனான்னு பேரு கொட்டை எழுத்துல இருக்குமில்ல, அதைப் பாத்தா. வீட்டுக்கார அம்மா 'என்னாடி மரகதம்'னு அவ தோளைத் தொட்டாங்க. தொட்டதும் சொன்னா.

"ஆமாங்க. பொய்தான். அன்னிக்கு நான் அடிச்சது பொய்."

அப்பாடா! பதினெட்டு வருஷம் தம்பி. எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீங்க. நான் ஒருத்தன்தான் சரியா இருந்திருக்கேன். ஐசக்கு, டாக்டரம்மா, அண்ணியை அனுப்பிட்டேன்னு என்னோட பேசாம திருப்பூருக்குப் போயிட்ட என் தம்பி, எல்லாரும் தப்பு. பத்திரிகையைக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. எந்தச் சேலை கட்டிட்டு வரட்டும்னு வீட்டுக்கார அம்மாகிட்டக் கேக்க ஆரம்பிச்சுட்டா, நான் நிக்கிறதே தெரியாம. முன்வரிசைன்னு சொன்னேனே தவிர, பொய்க்காரியை மேடைப்பக்கம் விட முடியுமா? பந்தியில சாப்பிட்டுட்டுப் பின்னாலயே உக்காந்துட்டுப் போயிருன்னுட்டேன். அதுக்கும் சரின்னுட்டா. அவ்வளவு குற்ற உணர்ச்சி மனசுல.

என்ன? கொஞ்சம் சத்தமாக் கேளுங்க, பஸ் சத்தத்துல விழல.

அப்ப நிஜமான சாவி எதுன்னா கேக்குறீங்க?

...

இருங்க. இருங்க தம்பி.

அவ அடிச்சது பொய்யின்னா, நிஜம்னு ஒண்ணு இருக்கணும். இருக்கணும்ல? வேற பேரு. நான் அதைக் கேக்கவே இல்லையே! ஒத்துக்கிட்டா, ஒத்துக்கிட்டான்னு சந்தோஷத்துல பத்திரிகையைத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டேனே, மடையன். எவன் அவன்? இத்தனை வருஷமா ஒருத்தன் பேரு அவ வாய்க்குள்ளயே இருந்திருக்கு. முடி நீளமா இருக்கான்னு கேக்குறா, சேலை எதுன்னு கேக்குறா, அந்தப் பேரு மட்டும் உள்ளேயே இருக்கு. ஐசக்கு. அவன் பேரை மட்டும்தான் நான் போட்டுப் பாக்கல. இல்ல, அவன் இல்ல, அவனா இருந்தா எங்கிட்ட வந்து பேரைக் கேப்பானா? அப்ப வேற யாரு? சௌந்தரமா? ஒரு வேளை நான் அவசரத்துல சரியாப் போடலையோ?

என்னது? அவ அன்னிக்கு அடிச்சதே நிஜமா இருந்திருக்கலாமா? என்ன தம்பி நீங்க, படிச்ச பிள்ளை மாதிரியா பேசுறீங்க. அதான் அவ வாயாலயே பொய்யின்னு ஒத்துக்கிட்டாளே, சாட்சியோட! அப்புறம் எப்படி நிஜமாகும்?

கண்டக்டர்! இங்க நிறுத்துங்க. செம்பட்டியா? செம்பட்டின்னா செம்பட்டி, எதிர்ல பெரியகுளம் பஸ் கிடைக்கும், இறங்கிக்கிறேன். அந்தப் பையை எடுத்துக் குடுங்க தம்பி. திண்டுக்கல்லு எங்கயும் ஓடிப் போகாது. பத்திரிகை அவ கையில இருக்கு, முதல்ல அதைத் திரும்ப வாங்கணும். பேரைச் சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம் அவ கல்யாணத்துக்கு வரதா வேண்டாமான்னு.